வளர்ச்சிக் கோலும் வள்ளுவக் கோலும்

2024-ஆம் ஆண்டு சூன் திங்களில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் வீட்டுக்கு வீடு பாடை கட்டப்பெற்றது. மெத்தனால் என்னும் ஆலைநச்சு கலந்த சாராயத்தைக் குடித்தவர்கள் வயிறெரிந்து, கண்ணிருண்டு, மூச்சடைத்து வீழ்ந்தனர். அறுபதுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவருள் பெரும்பாலோர் அன்றன்று கூலிக்கு உழைத்து அன்றன்று உண்பவர். பெண்டிரும் அவருள் இருந்தனர். தாயையும் தந்தையையும் ஒருசேரப் பறிகொடுத்துத் திகைத்து நின்ற பிள்ளைகளையும் அவ்வூர் கண்டது.

அதே 2024-25-ஆம் கணக்காண்டில் தமிழ்நாட்டின் ஆக்க மதிப்பு 11.19 விழுக்காடு வளர்ந்தது என்று புள்ளிக்கணக்கு வெளிவந்தது. ஆட்சியாளர் மகிழ்ந்தனர்; நாளிதழ்கள் போற்றின. அதே கணக்காண்டில் டாசுமாக்கு எனப்பெறும் அரசுக் குடிக்கடைகளால் அரசுக்கு வந்த வருவாய் 48,344 கோடி உரூபா. அதற்கு முந்தைய ஆண்டு வந்ததோ 45,855 கோடி. அதுவும் வளர்ச்சியே!

ஒரே நாடு, ஒரே ஆண்டு. ஒரு கணக்கேட்டில் பதினொரு விழுக்காட்டு வளர்ச்சி; மற்றொன்றில் கருணாபுரத்துப் பிணங்களின் வரிசை. இவ்விரண்டும் ஒரே நாட்டைப் பற்றியவையாயின், இரண்டில் எது அந்நாட்டின் நலத்தைக் காட்டுகிறது? வீக்கத்தையும் வளர்ச்சியையும் வேறுபடுத்தத் தெரியாத மருத்துவனிடம் எவரேனும் உடலை ஒப்படைப்பரோ? ஆனால் நாட்டை ஒப்படைத்திருக்கின்றனர்!

கோல் எதை அளக்கிறது?

'மொத்த உள்நாட்டு உற்பத்தி' என்று வடசொற் கலந்து வழங்கப்பெறும் கணக்கு, ஓராண்டில் ஒரு நாட்டில் ஆக்கப்பெற்று விலைபெறும் பொருள்கள், பணிகள் ஆகியவற்றின் மதிப்பைக் கூட்டிக் காட்டுவது. பொருள்களின்மேல் விதிக்கப்பெறும் வரியும் அதனுள் அடங்கும். அது கூட்டல் மட்டுமே அறியும், கழித்தல் அறியாது. எது நன்று, எது தீது என்பதை அது கேட்பதே இல்லை.

ஒரு புட்டியை எடுத்துக்கொள்க. அதை வடித்த ஆலையின் ஈட்டம் ஆக்கக் கணக்கில் சேரும். அதை ஏற்றிச் சென்ற வண்டியின் கூலி சேரும். அதன்மேல் அரசு விதிக்கும் தீர்வையும் விற்பனை வரியும் சேரும். குடித்தவன் நோயுற்று மருத்துவமனையில் கிடப்பின், மருத்துவர்க்கும் மருந்துக்கும் ஆன செலவும் சேரும். அவனைத் தேடிய காவலர் சம்பளமும், வழக்குமன்றச் செலவும், சிறைச் செலவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஏறும். அவன் இறந்துபட்டால் அவன் மனைவியின் கண்ணீர்க்கு அக்கணக்கில் இடம் இல்லை. தந்தையை இழந்து பள்ளியை விட்டு வேலைக்குச் சென்ற சிறுவனோ, அக்கணக்கின்படி ஆக்கத்தைப் பெருக்கியவன்! கருணாபுரத்தைக் கொன்ற மெத்தனாலும் முதலில் ஓர் ஆலையின் விளைபொருளாக, மதிப்பிடப்பெற்று, கணக்கில் ஏறிய பின்னரே கள்ளச் சாராயக்காரன் கைக்குப் போயிற்று.

இனி, அக்கணக்கில் ஏறாதவற்றைக் காண்க. விடியுமுன் எழுந்து நீர் சுமந்து, அடுப்பு மூட்டி, பிள்ளையை வளர்த்து, முதியோரைப் பேணும் பெண்ணின் உழைப்பு அதில் இல்லை. இந்திய ஒன்றிய அரசே 2019-இல் எடுத்த காலப் பயன்பாட்டுக் கணக்கில், கூலியில்லா வீட்டுப் பணிகளுக்குப் பெண்கள் நாளொன்றுக்கு 299 நிமையமும் (நிமிடமும்) ஆண்கள் 97 நிமையமும் செலவிடுவது தெரியவந்தது. தெரிந்தும் அவ்வுழைப்பை நாட்டின் ஆக்கத்துள் சேர்த்தார் இல்லை. நிற்கும் காட்டின் நிழலும் ஊற்றும் கணக்கில் இல்லை. அக்காடு வெட்டுண்டு மரமாக விலைபோனால் அந்நொடியே அது ஆக்கம்!

இக்குறையைக் கண்டவர் தமிழர் மட்டுமல்லர். நாட்டு வருவாய்க் கணக்கை ஒழுங்குபடுத்தி 1934-இல் அமெரிக்க மேலவைக்கு அளித்த சைமன் குசுநெட்சு என்னும் பொருளியல் அறிஞரே, இத்தகைய வருவாய்க் கணக்கைக் கொண்டு ஒரு நாட்டின் நலத்தை உய்த்துணர இயலாது என்று அவ்வறிக்கையிலேயே எச்சரித்தார். கோலைச் செய்தவனே 'இது துணி அளக்கும் கோல். நோய் அளக்க உதவாது' என்றான். வாங்கிச் சென்றவர்கள் அதைக்கொண்டே நாடி பார்க்கின்றனர்! 1968 மார்ச்சுத் திங்களில் இராபர்ட்டு கென்னடி கன்சாசுப் பல்கலைக்கழகத்தில் பேசுகையில், புகையிலை விளம்பரமும் சிறைக்கூடமும் போர்க்கருவியும் நாட்டின் ஆக்கத்துள் எண்ணப்பெறுவதையும், குழந்தைகளின் உடல்நலமும் கல்வியின் தரமும் எண்ணப்பெறாமையையும் எடுத்துக்காட்டி இடித்துரைத்தார். மூன்று திங்கள் கழியுமுன் அவர் சுட்டுக்கொல்லப்பட்டார். கோல் மட்டும் அப்படியே இருக்கிறது.

கள் வருவாயின் கதை

குடியால் வரும் பணத்தை நாட்டின் செல்வம் என்று எண்ணும் மயக்கம் ஒரு நாளில் வந்ததன்று. 1937 அத்தோபர் முதல் நாளில், அன்றைய சென்னை மாகாணத்தில் சேலம் மாவட்டத்தில் குடிவிலக்கு முதன்முதலாக நடைமுறைக்கு வந்தது. அதைக் கொணர்ந்தவர் இராசாசி. பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கித் தமிழர் நெஞ்சில் நெருப்பை மூட்டியதும் அவர் ஆட்சியே. அத்தீங்கைத் தமிழர் என்றும் மறவார். எனினும் குடிவிலக்கு நன்றே என்று ஒப்புவதில் தமிழர்க்கு இழுக்கில்லை. நன்றை நன்றென்றும் தீதைத் தீதென்றும் சொல்வதே தமிழ்மரபு.

கள் வருவாய் குறைந்ததற்கு ஈடாக 1939-இல் விற்பனை வரி சட்டமாயிற்று. பின்னர் 1971-இல் குடிவிலக்குத் தளர்த்தப்பெற்றது; 1974-இல் மீண்டும் வந்தது; 1981-இல் மறுபடியும் தளர்ந்தது. 1983-இல் டாசுமாக்கு நிறுவப்பெற்றது. 2003 முதல் அரசே சில்லறைக் கடை திறந்து ஊற்றிக் கொடுக்கத் தொடங்கியது. கள் வருவாய் திரும்பி வந்துவிட்டது. அதன் இழப்பை ஈடுசெய்ய வந்த விற்பனை வரியோ போகவே இல்லை! இரு கையாலும் வாங்கக் கற்ற அரசு ஒரு கையையும் மூட விரும்பவில்லை.

'அரசுக் கடையில் வாங்கிக் குடித்தவரா கருணாபுரத்தில் இறந்தார்? கள்ளச் சாராயம் குடித்தவரன்றோ!' என்பார் உளர். அரசுக் கடையின் விலைக்கு எட்டாத ஏழையே உறைச் சாராயத்தைத் தேடிச் சென்றான். அவன் நாவுக்குப் பழக்கத்தை ஊட்டியது ஊர்தோறும் திறந்திருந்த கடை. அவன் உயிரைப் பறித்தது கடைக்குப் பின்னால் விற்ற நச்சு. முன்னதன் கணக்கு வரவு ஏட்டில். பின்னதன் கணக்கு சுடுகாட்டில். 2023 மே திங்களில் மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்திலும் செங்கற்பட்டு மாவட்டத்திலும் இருபதுக்கும் மேற்பட்டோர் இவ்வாறே மாண்டனர். ஓராண்டுக்குப் பின்னும் கருணாபுரம் நிகழ்ந்ததே! ஏன்? பிணத்தை எண்ணும் பத்தி ஆட்சியாளரின் வளர்ச்சி ஏட்டில் இல்லை. ஆகவே அதனால் அவர்க்கு இழப்பும் இல்லை.

வள்ளுவர் தந்த கோல்

வெளிநாட்டார் கோல் பழுதெனின், தமிழர்க்கென்று ஒரு கோல் உண்டா? உண்டு. திருக்குறளின் எழுபத்துநான்காம் அதிகாரம் 'நாடு' என்பது. ஒரு நாட்டுக்கு அழகு சேர்ப்பவை இவை என்று வள்ளுவர் ஐந்தை எண்ணிக் கூறினார். மக்கள் நோயின்றி இருத்தல் ஒன்று, பொருள்வளம் ஒன்று, நிலத்தின் விளைச்சல் ஒன்று, மகிழ்ச்சி ஒன்று, காவல் ஒன்று. இவ்வைந்தனுள் பொருள் என்பது ஒன்றே ஒன்று. மற்ற நான்கையும் விட்டுவிட்டு ஒன்றை மட்டும் அளப்பதே இன்றைய கணக்கு. உடலின் ஐம்பொறியுள் ஒன்றை மட்டும் சோதித்து 'ஆள் நலம்' என்று சீட்டுத் தருவது போன்றது இது. மேலும் அவ்வதிகாரத்தின் முடிவில், இவையனைத்தும் இருந்தும் ஆள்வோன் பொருந்தாவிடின் பயனில்லை என்றும் அவர் முடித்தார்.

இக்கோலைக் கையில் எடுத்துக்கொண்டு கள்ளக்குறிச்சியிலிருந்து கல்வராயன் மலைமேல் ஏறுக. குறிச்சி என்பதே குறிஞ்சி நிலத்து ஊர்க்குத் தமிழர் இட்ட பெயர். விழுப்புரத்திலிருந்து பிரிந்து 2019 நவம்பரில் தனி மாவட்டமான இந்நிலத்தின் மேற்கெல்லையில் நிற்பது அம்மலை. சேலம், தருமபுரி, திருவண்ணாமலை மாவட்டங்களிலும் அது பரந்து கிடக்கிறது. அங்கு வாழ்வோர் மலையாளி எனப்பெறும் பழங்குடியினர். கேரளத்தாரோடு அவரை மயங்கற்க. மலையை ஆளுபவர் என்பதே பொருள். பெயரளவில் மலையை ஆள்பவர், நடப்பில்?

முதலாவது, நோயின்மை. கள்ளக்குறிச்சியில் 2022 சனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பெற்றது. நன்று. ஆயினும் 2024-இல் நச்சுண்டோர் பலரைச் சேலத்துக்கும் விழுப்புரத்துக்கும் புதுச்சேரிக்கும் ஏற்றி அனுப்ப வேண்டியதாயிற்று. நகரின் நடுவே வாழ்ந்தோர்க்கே இந்நிலை. சாலை எட்டாத மலைச் சிற்றூர்களிலோ நோயுற்றோரையும் கருவுற்றோரையும் தூளி கட்டித் தோளில் சுமந்து இறங்க வேண்டும். கட்டடத்தின் மதிப்பு ஆக்கக் கணக்கில் ஏறியது. கட்டடத்துக்கும் குடிசைக்கும் இடைப்பட்ட தொலைவு எந்தக் கணக்கிலும் ஏறவில்லை.

இரண்டாவது, பொருள்வளம். திருக்கோவலூரில் பெண்ணையாற்றினுள் நிற்கும் பாறையைக் கபிலர்குன்று என்பர். பாரியின் பிரிவாற்றாது கபிலர் உயிர்நீத்த இடம் அது என்பது வழிவழிச் செய்தி. திருக்கோவலூர் இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் உள்ளது. அக்கபிலர், மூவேந்தர் படை சூழ்ந்த பறம்புமலையின் வளத்தைப் புறநானூற்றில் கணக்கிட்டார். உழவர் உழாமலே மலை தானாகத் தருவன நான்கு என்றார்: மூங்கிலின் நெல், பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். வேந்தர்க்குப் பணியாமல் ஒரு மலை வாழ முடிந்ததன் கரணியம் அதுவே. பிறர் அங்காடியை நோக்கி நில்லாமையே அதன் செல்வம்.

கல்வராயன் மலையும் அத்தகைய மலையே. தேனும் கடுக்காயும் புளியும் தந்தது. சரிவுகளில் சாமையும் தினையும் விளைந்தன. இன்று அச்சரிவுகளில் மரவள்ளி ஏறியிருக்கிறது. அதன் விலையைக் கீழ்நாட்டுச் சவ்வரிசி ஆலையும் தரகரும் கட்டுகின்றனர். சாமைச்சோறு உண்டவன் மரவள்ளி விற்று அரிசி வாங்குகிறான். விற்பனையும் வாங்கலும் பெருகின, ஆகவே வளர்ச்சியாம்! மலையின் தற்சார்பு தேய்ந்ததை எழுத ஏட்டில் பத்தி இல்லை.

மூன்றாவது, விளைச்சல். கல்வராயன் மலையில் பெய்யும் மழையே ஓடையாகி இறங்கிக் கோமுகி அணையை நிரப்புகிறது. கீழே நெல்லும் கரும்பும் விளைகின்றன. கச்சிராயபாளையத்திலும் மூங்கில்துறைப்பட்டிலும் கூட்டுறவுக் கரும்பாலைகள் எழுந்தன. நெல்லும் சருக்கரையும் ஆக்கம் என்று எழுதப்பெறுகின்றன. மழையைத் தாங்கி, மண்ணை அணைத்து, ஆறாக்கி அனுப்பும் மலைக்கும் அம்மலையைக் காக்கும் மக்களுக்கும் அவ்வேட்டில் ஒரு வரி இல்லை. வேரை மறந்து கனியை எண்ணும் கணக்கு இது.

நான்காவது, மகிழ்ச்சி. ஆண்டு பல ஆகியும் தலை நரைக்காமைக்குக் கரணியம் கேட்டோர்க்குப் பிசிராந்தையார் விடை சொன்னார். தம் செல்வத்தையோ நிலத்தையோ அவர் எண்ணிக் காட்டவில்லை. மாண்புடைய மனைவியும் அறிவு நிரம்பிய மக்களும், தம் கருத்தறிந்து ஒழுகும் ஏவலரும், தீமை செய்யாது காக்கும் வேந்தனும், ஊரில் வாழும் சான்றோரும் என்றே எண்ணினார். இரண்டாயிரம் ஆண்டுக்கு முன் ஒரு தமிழன் வாழ்வின் நலத்தை இத்துணைத் தெளிவாக அளந்தான்! கல்வராயன் மலையின் இளையரோ வேலை தேடிக் குடகின் காப்பித் தோட்டங்களுக்கும் கேரளத்துக்கும் செல்கின்றனர். வீட்டில் முதியோரும் சிறாரும் எஞ்சுகின்றனர். மாநில ஆக்கக் கணக்கு வேலை நடந்த இடத்தில் எழுதப்பெறுவது. ஆதலால் கல்வராயன் மலைத் தமிழனின் வியர்வை கன்னட நாட்டின் வளர்ச்சியாக எழுதப்பெறுகிறது. அவன் பிள்ளையின் ஏக்கம் எந்த நாட்டுக் கணக்கிலும் இல்லை.

ஐந்தாவது, காவல். 'ஏமம்' என்னும் பழஞ்சொல்லுக்குக் காவல் என்றும், காவலால் வரும் நெஞ்சமைதி என்றும் பொருள். 2015 ஏப்பிரல் 7-ஆம் நாள் ஆந்திரத்துச் சேசாசலக் காட்டில் இருபது தமிழர் செம்மரம் வெட்ட வந்தோர் எனச் சுட்டு வீழ்த்தப்பட்டனர். 2018 பிப்பிரவரியில் கடப்பை மாவட்டத்து ஒண்டிமிட்டா ஏரியில் ஐந்து தமிழரின் உடல்கள் மிதந்தன. அவர்கள் சேலம் மாவட்டத்தைச் சார்ந்த கல்வராயன் மலைப்பகுதியினர். மரம் வெட்டியது குற்றமெனின் வழக்குமன்றம் இல்லையா? மரம் கடத்திக் கோடி குவித்த முதலாளி பிணமாக மிதந்தானா? கூலிக்குச் சென்றவனே மிதந்தான். தன் மலையில் தனக்கு நிலவுரிமையும் வேலையும் இருந்திருப்பின் அவன் ஏன் அயல்நாட்டுக் காட்டுக்குள் நுழைகிறான்?

அந்நிலவுரிமையின் கதையையும் கேட்க. 1947-இல் நாடு விடுதலை பெற்றது என்றனர். கல்வராயன் மலையிலோ சாகிர் முறை 1976 வரை நீடித்தது. அதன் பிறகே மலை அரசின் நேராட்சிக்கு வந்தது. காட்டில் வழிவழி வாழ்வோர்க்கு உரிமை தரும் சட்டம் 2006-இல் இயற்றப்பெற்றது. 2008-இல் வந்த உயர்முறைமன்ற ஆணையால் தமிழ்நாட்டில் உரிமை ஆவணம் வழங்குதல் தடைப்பட்டது. உச்சமன்றம் 2016-இல்தான் அத்தடையை நீக்கியது. பிற மாநிலத்துப் பழங்குடியினர் ஆவணம் பெற்ற ஆண்டுகளில் தமிழ்நாட்டு மலைமக்கள் வெறுங்கையுடன் நின்றனர். அவ்வாண்டுகளிலும் ஆக்கக் கணக்கு ஏறிக்கொண்டேதான் இருந்தது!

மக்களை எண்ண மாட்டாதவர்

இந்திய ஒன்றியம் மூன்று திங்களுக்கு ஒருமுறை தன் ஆக்கக் கணக்கை வெளியிடுகிறது. 2021-இல் எடுக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கையோ அவ்வாண்டில் எடுக்கவில்லை. ஆண்டுகள் பல தள்ளிப் போட்டது. 2011 கணக்கின்போது கள்ளக்குறிச்சி மாவட்டமே பிறக்கவில்லை. விழுப்புரத்துள் அது ஒரு பகுதி. அன்று தமிழ்நாட்டின் எழுத்தறிவு 80.09 விழுக்காடு, விழுப்புரத்தின் எழுத்தறிவு 71.88. அவ்விடைவெளி 2019-க்குப் பின் மூடியதா, விரிந்ததா? மாவட்டம் பிரித்துப் பெயர்ப்பலகை நட்டவர், அதில் வாழும் மக்களை எண்ணிப் பார்க்கவே இல்லை. பணத்தை ஆண்டுக்கு நான்கு முறை எண்ணுகிறவர்க்கு மக்களை எண்ணப் பத்தாண்டும் போதவில்லை! எதை எண்ணுகிறாரோ அதையே மதிக்கிறார் என்பதற்கு வேறு சான்று வேண்டுமா?

பிறர் கோல்களும் பிழையில்லாதவை அல்ல

வாழ்நாள், கல்வி, வருவாய் மூன்றையும் சேர்த்து அளக்கும் மாந்த மேம்பாட்டுக் கணக்கு 1990-இல் ஒன்றிய நாடுகள் அவையின் அமைப்பொன்றால் வெளியிடப்பெற்றது. அது ஒரு படி முன்னேற்றமே. அதற்கும் முன்னரே, தஞ்சையில் 1892-இல் பிறந்த சே. சி. குமரப்பா, அமெரிக்காவில் பொதுப் பணவியல் கற்றுத் திரும்பி, 1945-இல் நிலைபேற்றுப் பொருளியல் பற்றி நூல் செய்தார். ஒட்டுண்ணிபோல் உறிஞ்சும் பொருளியல், பறித்துண்ணும் பொருளியல், தேனீபோல் கூட்டத்துக்காகச் சேர்க்கும் பொருளியல், தாய்ப்பறவைபோல் கைம்மாறு கருதாது ஊட்டும் பொருளியல் என அவர் தரம் பிரித்தார். எவ்வளவு ஆக்கினாய் என்று கேட்பதோடு நில்லாமல், எப்படி ஆக்கினாய், எவரைத் தின்று ஆக்கினாய் என்று கேட்டவர் அத்தமிழர்.

பூட்டான் நாடு 'நாட்டு மகிழ்ச்சி' என்னும் கோலைக் கண்டதென உலகம் வியக்கிறது. 1970-களில் அந்நாட்டு மன்னர் தொடங்கிய கருத்து அது. 2008-இல் அரசியல் சட்டத்திலும் இடம்பெற்றது. அதன்கீழ் அளக்கப்பெறும் 33 கூறுகளுள் தாய்மொழி பேசும் திறனும் ஒன்று. தமிழர் இதை உற்று நோக்குதல் வேண்டும்: மொழியும் மக்கள் நலத்தின் ஓர் அளவு என்று ஓர் அரசே ஒப்புக்கொண்டது. ஆயினும் அதே அரசுதான் 1989-இல் பள்ளிகளில் நேபாள மொழிக் கல்வியை நிறுத்தியது. அதனை அடுத்த ஆண்டுகளில் நேபாள மொழி பேசிய ஏறத்தாழ ஓரிலக்கம் மக்கள் நாட்டைவிட்டு வெளியேற்றப்பட்டு ஏதிலியர் முகாம்களில் வாடினர். ஓர் இனத்தின் நாவை அறுத்துவிட்டு எஞ்சியோரிடம் 'மகிழ்ச்சியா?' என்று கேட்பது என்ன அளவை? கோல் நன்றாயினும் பிடிக்கும் கை கோணின் அளவு கோணும்.

மொழியில்லா நலம் நலமன்று

இதனைத் தொலைவில் தேட வேண்டா. கருணாபுரத்து இறப்புகளுக்குப் பின், 2024 சூலையில் சென்னை உயர்முறைமன்றம் கல்வராயன் மலைமக்களின் வாழ்நிலையைத் தானாகவே முன்வந்து வழக்காக எடுத்தது. சாலை உண்டா, மருத்துவம் உண்டா, கல்வி உண்டா என்று அரசை வினவியது. அது பாராட்டத்தக்கது. ஆனால் அவ்வுசாவல் எம்மொழியில் நடைபெறும்? ஆங்கிலத்தில்! தம் வாழ்வைப் பற்றிய வழக்கில், தம்மைப் பற்றி என்ன பேசப்பெறுகிறது என்பதைத் தாமே கேட்டு அறிய மாட்டாத நிலையில் அம்மக்கள். உயர்முறைமன்றத்தில் தமிழ் வேண்டும் எனத் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் 2006 திசம்பரில் முடிவு நிறைவேற்றியது. தில்லி அதற்கு இசையவில்லை. இராசசுத்தான், உத்தரப்பிரதேசம், மத்தியப்பிரதேசம், பீகார் ஆகிய நான்கின் உயர்முறைமன்றங்களிலும் இந்தி நெடுங்காலமாக வழங்குகிறது. இந்திக்கு இயன்றது தமிழுக்கு இயலாதாம்!

தன் நோயைத் தன் மொழியில் சொல்லவும், தன் நிலத்துக்குத் தன் மொழியில் வழக்காடவும், தன் பிள்ளைக்குத் தன் மொழியில் கல்வி தரவும் இயலாதவன் நலமாக வாழ்கிறான் என்று எந்தக் கோல் காட்டினாலும் அக்கோல் பொய்க்கோல். வள்ளுவர் எண்ணிய காவலுள் மொழிக்காவலும் அடங்கும்.

'பணமின்றிப் பள்ளி ஏது?'

இவ்விடத்தில் ஒரு தடை எழுப்புவர். 'ஆக்கம் பெருகாமல் மருத்துவமனை ஏது? பள்ளி ஏது? தமிழ்நாட்டில் பல்கூற்று வறுமை 2.20 விழுக்காடாகக் குறைந்ததே. அது வளர்ச்சியால் அன்றோ?' என்பர். பொருளை எவரும் வேண்டா என்று சொல்லவில்லை. வள்ளுவர் எண்ணிய ஐந்தனுள் பொருளும் ஒன்றன்றோ! வறுமை குறைந்தது மெய். தமிழ்நாட்டுப் பள்ளியும் பகலுணவும் மருத்துவமனையும் அதற்குத் துணைநின்றன. அவை பணம் பெருகியதால் தாமாக முளைத்தவை அல்ல; பணத்தை இவற்றுக்குச் செலவிட வேண்டும் என்று மக்கள் போராடிப் பெற்றவை. பணம் நிறைந்தும் பள்ளியற்ற நாடுகளும் உலகில் உள.

மேலும், 2.20 என்பது நாடு முழுமைக்கும் எடுத்த நடுவளவு. ஆற்றின் நடுவளவு ஆழம் முழங்கால் என்று நம்பி இறங்கியவன் சுழியில் மாய்வான். சென்னையையும் கோவையையும் வெள்ளிமலையையும் ஒன்றாகக் குழைத்து வரும் எண்ணில் வெள்ளிமலை மறைந்துபோகும். அளவுகோலின் வேலை மறைப்பதன்று; காட்டுவது.

இன்னும் ஒன்று. குடி வருவாயை நிறுத்தினால் அரசு எப்படி நடக்கும் என்பாரும் உளர். குடியால் வரும் வருவாயை எழுதுகிறவர், குடியால் வரும் செலவையும் அதே ஏட்டில் எழுதட்டும். இழந்த கூலியும், கெட்ட ஈரலும், சாலைச் சாவும், அடிபட்ட பெண்ணும், பள்ளி நீங்கிய பிள்ளையும் எதிர்ப்பக்கத்தில் ஏறட்டும். பிறகு கூட்டிக் கழித்து, 48,344 கோடியில் எஞ்சுவது எவ்வளவு என்று சொல்லட்டும். அக்கணக்கை எழுத அஞ்சுவதே, அது வருவாயன்று, மக்கள் உயிரை விற்ற விலை என்பதற்குச் சான்று.

தமிழர் செய்ய வேண்டுவது

தில்லி தன் கோலை மாற்றும் என்று காத்திருப்பது வீண். சென்னையும் தானாக மாற்றாது. கோலை மக்களே கையில் எடுத்தல் வேண்டும். ஊரவைக் கூட்டம் என்பது சட்டம் தந்த உரிமை. அக்கூட்டத்தில் ஐந்து வினாக்களைத் தூய தமிழில் எழுப்புக:

இவ்வாண்டு இவ்வூரில் மருத்துவம் எட்டாது இறந்தவர் எத்துணையர்? எத்துணைக் குடிகளுக்குச் சொந்த நிலமும் அதற்கு ஆவணமும் உண்டு? இவ்வூர் விளைத்ததில் எவ்வளவு இவ்வூர் உண்டது; விலையை எவர் கட்டினார்? எத்துணைப் பேர் வேலை தேடி ஊரைவிட்டுச் சென்றனர். எத்துணைப் பிள்ளைகள் பெற்றோரைப் பிரிந்து வாழ்கின்றனர்? குடியால், காவலரால், கடனால் அஞ்சி வாழும் வீடுகள் எத்துணை. எந்த அலுவலகம் தமிழில் விடை தர மறுத்தது?

இவ்வைந்துக்கும் விடையை ஊர்தோறும் ஏட்டில் எழுதுக. படித்த இளைஞர் எழுதித் தருக. ஆசிரியர் சரிபார்த்துத் தருக. ஊரவையின் முடிவாக அதை நிறைவேற்றி மாவட்ட ஆட்சியருக்கும் சட்டமன்ற உறுப்பினருக்கும் விடுக்க. வாக்குக் கேட்டு வருவோரின் முன் அவ்வேட்டையே விரித்து வைக்க. முதல் ஏடு கல்வராயன் மலையின் வெள்ளிமலையிலிருந்து எழுதப்பெறட்டும். இரண்டாவது ஏடு கருணாபுரத்திலிருந்து எழுதப்பெறட்டும்.

அரசு தன் வளர்ச்சியைப் பதினொரு விழுக்காடு என்னட்டும், பன்னிரண்டு என்னட்டும். மலையிலிருந்து தூளியில் நோயாளி இறங்கும் வரை, தமிழன் உடல் அயலார் ஏரியில் மிதக்கும் வரை, புட்டியின் விலை வரவாகவும் கைம்பெண்ணின் கண்ணீர் சுழியாகவும் எழுதப்பெறும் வரை, அது வளர்ச்சியன்று, வீக்கமே. வீக்கத்தைக் கண்டு மகிழ்பவன் நோயாளியின் உறவினன் ஆகான்.

தமிழீர்! கோல் உங்கள் கையில் ஈராயிரம் ஆண்டாக இருக்கிறது. எடுத்து அளமின்!